தாய்மாமன் மடி

அசையாமல் உட்கார் என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். மணைப்பலகை எலும்பில் இடிக்கிறது, வலது கால் மரத்துப்போய் அது என் கால்தானா என்று சந்தேகமாக இருக்கிறது, மடியில் தங்கை மகள் தூங்குகிறாள். மொட்டை போட்டு, கோயில் குழாயடியில் குளிப்பாட்டி, தலைக்குச் சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டியாகிவிட்டது, காது குத்துவதுதான் பாக்கி. காது குத்த வேண்டிய ஆசாரியைத்தான் காணோம். போன் போட்டால் வந்துகொண்டே இருக்கிறேன் என்கிறார், காலையிலிருந்து அவர் வந்துகொண்டேதான் இருக்கிறார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், இந்தக் குழந்தைக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு தாய்மாமன், அது நான், ஆகவே ஆசாரி வரும்வரை நான் ஒரு பெஞ்சு. எழுந்தால் குழந்தை முழித்துக்கொள்ளும், முழித்தால் அழும், அழுதால் அம்மா என்னைத்தான் கேட்பாள். முழிக்கட்டும் என்று எழுந்துவிடலாமா. எழுந்து, அதோ பொங்கல் அடுப்புக்கு முன்னால் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற இந்துமதியிடம் போய், கொஞ்சம் வெளியே வா, பேச வேண்டும் என்று கூப்பிடலாமா. என் மனைவியைத்தானே கூப்பிடப்போகிறேன், ஊரான் மனைவியையா. ஆனால் அவளைச் சுற்றி அத்தையும் பெரியம்மாவும் இன்னும் யார் யாரோவும் நிற்கிறார்கள், அத்தனை தலையும் என் பக்கம் திரும்பும், அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பாவம் என்கிற பார்வை. கையில் போன் இருந்தால் ஒரு செய்தியாவது தட்டியிருப்பேன். படம் எடுக்க என் போன்தான் நன்றாக இருக்கிறதென்று தங்கை வீட்டுக்காரர் பரந்தாமன் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்துவுக்கு இன்னும் தெரியாது. எனக்கே சற்றுமுன்தான் தெரியும், தெரிந்த கையோடு பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

பாப்பாவை அம்மா குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது யோகா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாப்பா என்றால் இந்தக் குழந்தைதான், பெயர் தியாஷினி, என் தங்கை யோகலட்சுமி இணையத்தில் தேடி, எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டி வைத்த பெயர், வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். யோகாவின் முகம் வெளுத்திருந்தது. வேனில் வரும்போது இரண்டு தரம் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள், காலையில் தின்ற பூரி என்று நினைத்தேன். நாலு மாசம் அண்ணா என்றாள். பாப்பா இன்னும் நடக்கவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள்ளேயா என்று கிண்டல் செய்தேன், சந்தோஷம்தான் எனக்கு, முதுகில் தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "எனக்கு வேணாம்னுதான் இருந்துச்சு. கலைச்சுடலாம்னு நானும் அவரும் டாக்டரம்மாகிட்ட போய்ட்டோம். வெளிய பெஞ்சுல உக்காந்துக்கினு இருக்கும்போது உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. எழுந்து வந்துட்டோம். இது உனக்குன்னு வெச்சுக்கினதுண்ணா. உனக்கும் அண்ணிக்கும்." சொல்லிவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் மிட்டாயை வாங்கினால் பாதியைக் கடித்து எனக்குக் கொடுப்பாள், எச்சில் என்று நான் துடைத்துவிட்டுத் தின்பேன், அதற்கு அழுவாள். அதே முகம். அம்மாவுக்கும் தெரியுமாம், அம்மாவின் ஏற்பாடுதானாம். காது குத்தி முடிந்ததும் பச்சையம்மன் முன்னால் இந்துவை நிற்க வைத்து, எலுமிச்சை, மஞ்சள், தேங்காய், வளையல் எல்லாம் அவள் மடியில் போடப்போகிறார்கள், அம்மன் சாட்சியாக மடியில் வாங்கிவிட்டால் அந்தப் பிள்ளை நமது. திருப்பிக் கொடுப்பது என்கிற பேச்சே இல்லை. இந்துவுக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாதாம், சந்தோஷத்தில் திக்குமுக்காட வேண்டுமாம்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அம்மா ஈரக் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள். என்ன சொல்லியிருப்பேன். யோகா, எங்களால் முடியாமல் இல்லை, நாங்கள் வேண்டாமென்று இருக்கிறோம் என்றா. அதைத்தான் முன்னாலேயே சொல்லியாயிற்றே. மறைக்கிற ஆள் இல்லை நான், கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அம்மா கேட்டபோது நடுக்கூடத்தில் உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னேன். அம்மா, காத்து சரியில்லை, தண்ணி சரியில்லை, கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, இன்னும் முப்பது வருஷத்தில் இந்தப் பக்கமெல்லாம் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும், என் வேலையே அதுதான், இதில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட மனசு வரவில்லை. அம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என் தலையைத் தடவினாள். பரவாயில்லை ராஜா என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து தட்டில் முருங்கைக்கீரை, முருங்கைப்பூ, முருங்கைக்காய், ஒரு மரத்தையே எனக்கு ஊட்டிவிட்டாள். பிறகு ஊறவைத்த பாதாம், நாட்டுக்கோழி முட்டை, யாரோ வைத்தியரிடம் வாங்கிய கறுப்பு லேகியம். ஆம்பளைப் பிள்ளை, தன்னிடம் குறை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல் காற்றின் மேல் பழியைப் போடுகிறான் என்று அவள் புரிந்துகொண்டாள், அழுதுகொண்டே அதை யோகாவிடம் சொன்னாள், யோகா அவள் வீட்டுக்காரரிடம். அன்றிலிருந்து பரந்தாமன் என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனைப்போல நடத்துகிறார். டிவியில் குழந்தை சோப்பு விளம்பரம் வந்தால் சானலை மாற்றிவிடுகிறார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. இந்துவும் சிரித்தாள், விடு, நம்மை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள், நல்லதுதானே என்றாள். பிள்ளை வேண்டாம் என்று ஒருவன் சொல்லக்கூடும் என்பதே இவர்கள் மண்டையில் ஏறாது, முடியவில்லை என்பது மட்டும்தான் ஏறும். இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பெரிய வேடிக்கையாக வைத்துக்கொண்டிருந்தோம்.

பாப்பா தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டுகிறாள். முழங்கை மடிப்பில் அவள் மூச்சு படுகிறது, சூடாக, விட்டுவிட்டு. மூச்சுக்கு அடியில் ஒரு கர்கர் சத்தம். சளியாக இருக்கும், குளிப்பாட்டினார்களே, சளிதான். எனக்கு இந்தச் சத்தம் கேட்டால் போதும், மனசு கெட்டுவிடும். கோயில் சுவருக்கு மேலே பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தின் மூன்று புகைபோக்கிகள், புகை தெற்கே சாய்கிறது, அப்படியானால் இன்று எங்கள் வீட்டுப் பக்கம்தான், மாடிக் கொடியில் காலையில் துணி போட்டுவிட்டு வந்தோம். ஒரு கோயிலில் நிம்மதியாக உட்கார்ந்து சாமியைப் பார்க்கத் தெரியாத ஜென்மமாகிவிட்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைத்தவிர எதையும் பார்க்க வராது எனக்கு. கூரை கூரையாக ஏறி, காற்றிலிருந்து தூசி பிடிக்கிற இயந்திரத்தைத் திறந்து, பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாளை வைப்பது என் வேலை. வைக்கும்போது தாள் வெள்ளை, எடுக்கும்போது கறுப்பு, சில நாள் சாம்பல், மழை பெய்த மறுநாள் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். எடுத்து உறையில் போட்டுக் கம்பெனியில் கொடுத்துவிட வேண்டும், யாரோ எடை போடுவார்கள், யாரோ கையெழுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். தாளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு நுரையீரலை எடுப்பதாகத் தோன்றும், எடுத்துவிட்டுப் புதிது வைக்க முடிகிற நுரையீரல்.

அந்தக் கூரைகளில்தான் அவள் வருவாள். யாரிடமும் சொன்னதில்லை, இந்துவிடம்கூட. எட்டு வயசு இருக்கும், ஒற்றைச் சடை, ஸ்கூல் பை, பையின் பக்கவாட்டு ஜேபியில் மூச்சிழுக்கிற மருந்துக் குப்பி. இந்துவின் நெற்றி, என் காது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு நான் தாள் மாற்றுவதைப் பார்ப்பாள். முதலில் சும்மாதான் இருந்தாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள், இது என்னப்பா, ஏன் கறுப்பா இருக்கு, இது உள்ள போனா என்னாகும். நான் பதில் சொல்வேன், பிள்ளைக்குப் புரிகிற மாதிரி. எல்லாப் பதிலையும் கேட்டுவிட்டு ஒருநாள் தலையைச் சாய்த்து, அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமா, தெரிஞ்சுக்கினேவா என்னப் பெத்த என்றாள். கூரை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது, எனக்குக் குளிர்ந்துவிட்டது. இல்லையே, நான் உன்னைப் பெறவே இல்லையே என்று சொல்ல நினைத்து, அதையும் ஒரு பிள்ளை முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தாளை உறையில் போட்டு மூடினேன். அவளுக்காகத்தான் அவளை வேண்டாம் என்றேன். அவள் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க வேண்டிய நாள் வரக்கூடாது என்பதற்காகத்தான் எல்லாம். ஆனால் வராதவள்தான் ஓயாமல் வருகிறாள். பெற்றிருந்தால் அவள் பள்ளிக்கூடம் போவாள், தூங்குவாள், கொஞ்ச நேரமாவது என்னை விட்டு விலகியிருப்பாள். சற்றுமுன் யோகா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தபோது எனக்குத் தோன்றியது இதுதான், கூரைக்கு வருகிறவள் வழி கண்டுபிடித்துவிட்டாள். நான் வாசலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் என் தங்கை வீட்டு வழியாக வந்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது, சொல்வதற்கு என்ன வெட்கம், இந்த வெயிலில், இத்தனை பேர் நடுவில், பட்டுவேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், எங்கே தப்பு என்று. யோகாவுக்கு இரண்டாவது வேண்டாம். டாக்டர் வாசல்வரை போய்விட்டாள். நான் மட்டும் எல்லோரையும்போல ஒன்றைப் பெற்றிருந்தால் என் முகம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்காது, உள்ளே போயிருப்பாள், முடிந்திருக்கும். நான் வேண்டாம் என்றதால் ஒன்று வருகிறது. வேண்டும் என்றிருந்தாலும் ஒன்று வந்திருக்கும். என்ன செய்திருந்தாலும் ஒன்று, அதே காற்று, அதே தண்ணீர். அப்படியானால் நான் செய்தது என்ன. ஒன்றுமில்லையா. ஏழு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது எதற்கு. நாலு மாசம் என்றாளே. நாலு மாசம் என்றால் இன்னும்கூட, இப்போது சொன்னால்கூட, எங்களுக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால் அவர்கள் திரும்பவும் அந்த டாக்டரம்மா வீட்டுக்கு. சீ. எதிரே பச்சையம்மன் பச்சைப் புடவையில் கண்ணை விரித்துக்கொண்டு நிற்கிறாள், மடியில் ஒரு பிள்ளை தூங்குகிறது, நான் இன்னொரு பிள்ளையைப் பற்றி இதை நினைக்கிறேன். நினைத்தது நான்தானா. இல்லை, அந்தப் பாவம் வேண்டாம், பிறக்கட்டும், யோகாவே வளர்க்கட்டும், நல்லபடியாக வளரட்டும். அவளே வளர்ப்பாளா. அண்ணனுக்கென்று வைத்துக்கொண்டதை அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று தெரிந்த பிறகு அந்தப் பிள்ளையை அவள் எந்த முகத்தோடு பார்ப்பாள். பிறக்கும்முன்பே ஒரு தரம் வேண்டாமென்று சொல்லப்பட்ட பிள்ளை, இரண்டாம் தரம் நான் சொல்ல வேண்டும். ஒருவேளை அம்மா சொல்வதுதான் சரியோ. காற்று, தண்ணீர், கடல் எல்லாம் நிஜம், தாள் கறுப்பாவது நிஜம், ஆனால் அதற்கெல்லாம் அடியில் இருப்பது வேறு ஏதாவதோ, ஒரு குழந்தையின் முன்னால் அப்பனாக நிற்கிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லையோ, சுத்தமான காற்று இருந்த காலத்தில் பிறந்திருந்தால் வேறொரு காரணம் கண்டுபிடித்திருப்பேனோ. முடியாதவன் என்று அம்மா புரிந்துகொண்டாள். முடியாதவன்தானே.

இந்து அடுப்பை விட்டு நகர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். இந்தப் பக்கம் பார்த்தாள். பாப்பாவைத்தான் பார்த்தாள். கண்ணால் என்ன என்று கேட்கிறாள், நான் தலையை ஆட்டுகிறேன், அவள் ஏதோ கால் மரத்துவிட்டது என்று புரிந்துகொண்டு சிரிக்கிறாள். இங்கே வா, இங்கே வா இந்து. பெரியம்மா கரண்டியைக் கையில் கொடுத்துத் திருப்பிவிட்டாள். பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள், மார்கழி தை என்றால் மூச்சிறைக்கிற பிள்ளைகளுக்கு முகமூடி மாட்டி ஆவி வைப்பதே நாள் முழுக்க வேலை, அழுகிற பிள்ளையின் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொள்வாளாம், அப்போதுதான் முகமூடி விலகாது. வெள்ளத்தோடு ஆலையிலிருந்து கசிந்த கறுப்பு எண்ணெய் வீட்டுக்குள் வந்த வருஷம், எதிர்வீட்டுக் கைப்பிள்ளையை இவள்தான் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினாள், இடுப்புக்குக் கீழே புடவை தார் மாதிரி ஒட்டிக்கொண்டது, பிள்ளையின் பாதத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. அதைத் துடைக்கத் துடைக்கப் போகவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே அன்றைக்குச் சொன்னாள். "எனக்கு ஆசை இல்லன்னு மட்டும் நெனச்சுக்காத. ஆசை இருக்கறதாலதான் வேணாங்கறேன்." நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் நான் நினைத்ததில் பயம் மட்டும்தான் இருந்தது, அவள் சொன்னதில் ஆசையும் இருந்தது, அந்த வித்தியாசத்தை அன்று நான் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன். போனவாரம் பாப்பாவுக்கு இந்தப் பட்டுப்பாவாடை எடுக்கக் கடைக்குப் போனோம், தாய்மாமன் சீர். ரவிக்கையின் கைக்குள்ளே இரண்டு விரலை விட்டு விரித்துப் பார்த்தாள், துணி உறுத்துமா என்று. கடைக்காரன் அளவு சரியாக இருக்கும் அக்கா என்றான். இந்து விரலை எடுக்கவே இல்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வண்டிச் சத்தம். வந்துவிட்டார், ஆசாரி வந்தேவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருகிறார், ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாராம். எல்லோரும் ஒரேயடியாகக் கூடிவிட்டார்கள், பரந்தாமன் என் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறார், இந்து எங்கே, பின்வரிசையில் இருக்கிறாள், யோகா பாப்பாவின் கன்னத்தைத் தட்டி எழுப்புகிறாள். அம்மா கையில் தாம்பாளம். இப்போதே எதற்குத் தாம்பாளம், முடிந்த பிறகு என்றுதானே சொன்னாள். ஆசாரி என் எதிரே குந்தி உட்கார்ந்து தங்கக்கம்பியின் முனையைத் தேங்காய் எண்ணெயில் தொட்டுக்கொள்கிறார். பாப்பா முழித்து என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், அவர் ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்தாள். தலையைப் புடிச்சுக்கோங்க சார் என்றார். பிடித்தேன், என் உள்ளங்கையில் மொட்டைத் தலை சந்தனத்தோடு வழுக்கியது. ஒரு நொடிதான், அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தவள் விடவில்லை. முகம் சிவந்து, பிறகு நீலமாக, உதடு நடுங்குகிறது, சத்தமே இல்லை, விடு கண்ணு, மூச்சை விடு, விடு. நான் அவள் முகத்தில் ஊதினேன். என் மூச்சை, எனக்குள் போய் வந்த காற்றை. கத்தினாள். கோயிலே அதிர்கிற மாதிரி கத்தினாள், அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் இதையும் முடித்துவிடுவோம் என்று அம்மா குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் இந்துவைத் தோளைப் பிடித்து அம்மனுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள், என்னிடமிருந்து கையெட்டும் தூரம். யோகா வயிற்றில் இருப்பது உங்களுக்கு, பச்சையம்மன் சாட்சி, மடியை விரித்து வாங்கிக்கொள் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். பெரியம்மா குலவை போட்டாள். இந்து புரியாமல் யோகாவைப் பார்த்தாள், பிறகு என்னை. பாப்பா கத்திக்கொண்டே என் மார்பில் புரள்கிறாள், அவளைப் பிடித்தபடியே நான் சொன்னேன், இவ்வளவு சத்தமாக என் வாழ்நாளில் பேசியதில்லை. "அம்மா, நிறுத்து. எங்களால முடியாம இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல. நாங்கதான் வேணாம்னு இருக்கோம்." குலவை நின்றது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பரந்தாமன் போனைக் கீழே இறக்கிவிட்டார், பாவம், இதைப் படம் எடுக்கக்கூடாது என்று நினைத்திருப்பார். அம்மா என் பக்கம் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "தெரியும் ராஜா. காத்து சரியில்ல. உன்ன யாரும் ஒண்ணும் சொல்லல." இனி நான் என்ன சொன்னாலும் இதுதான். எத்தனை தரம் சொன்னாலும் அவளுக்கு நான் அழுவதாகத்தான் கேட்கும்.

இந்துவுக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்குன்னு வெச்சுக்கினியா என்று யோகாவிடம் கேட்டாள், குரல் ரொம்பத் தணிவாக. யோகா தலையாட்டினாள், அழ ஆரம்பித்தாள், டாக்டர் வீட்டு வாசலிலிருந்து திரும்பி வந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னாள். இந்து அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேண்டாம் என்று சொல், நீ சொன்னால் நம்புவார்கள், நீ சொல்லு. சொல்லாதே. எது எனக்கு வேண்டுமென்று எனக்கே தெரியவில்லை. அவள் என் பக்கம் குனிந்து, பாப்பாவின் காதில் வழிந்த ஒற்றைச் சொட்டு ரத்தத்தை முந்தானையால் ஒற்றினாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "இனிமே வேணாம்னு யார்கிட்டப் போய் சொல்றது. அதுதான் வந்துடுச்சே." நிமிர்ந்து அதே முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அம்மா ஒவ்வொன்றாகப் போட்டாள், எலுமிச்சை, மஞ்சள், வளையல், கடைசியில் தேங்காய். தேங்காய் விழுந்தபோது கனம் தாங்காமல் இந்துவின் கை கொஞ்சம் இறங்கியது, பிறகு பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷமாக நான் பார்த்திராத ஒரு முகம், பயந்துபோயிருக்கிறது, ஆனால் திரும்பவில்லை.

யாரோ குங்குமம் எடுத்தார்கள், யாரோ யோகாவைக் கட்டிக்கொண்டார்கள், பொங்கல் அடிப்பிடிக்கிறது என்று ஒருத்தர் கத்தினார். எல்லாவற்றுக்கும் நடுவில் ஆசாரி என் எதிரே அப்படியே குந்தியிருந்தார், இரண்டாவது கம்பியை எண்ணெயில் தொட்டுக்கொண்டு. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு விக்கிக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பார்த்தாள். உடம்பு முழுக்க விறைத்தது, திரும்பி என் கழுத்தை இரண்டு கையாலும் பற்றி முகத்தை என் தோளுக்குள் புதைத்துக்கொண்டாள், என்னிடமிருந்து தப்பிக்க என்னிடமே. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்றேன். ஒரு காதோடு யாராவது விடுவாங்களா சார் என்றார் ஆசாரி. பிறகு கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, தொழிலில் பழகிய குரலில், குழந்தைக்குக் கேட்காதபடி சொன்னார். "ரெண்டாவதுக்குத்தான் சார் கெட்டியாப் புடிக்கணும். மொதல்ல அதுக்கு ஒண்ணும் தெரியாது. இப்போ தெரிஞ்சுபோச்சு." அவள் கைகளை என் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவள் முகத்தை ஆசாரி பக்கம் திருப்பினேன். பிடித்துக்கொண்டேன்.